வண்டி தயார், ஓட்டுபவர் தயாரா?

கனடாவின் மேற்கு மலைகளில் பனி இளகத் தொடங்கும் மார்ச், ஏப்ரலில்தான் அடுத்த குளிர்காலத்துக்கான ஸ்னோமொபைல் வியாபாரம் சூடுபிடிக்கிறது. உயர்ரக மலை வண்டிகள் பலவும் அந்தச் சில வாரங்களுக்குள் முன்பணம் கட்டிப் பதிவுசெய்பவர்களுக்கே கிடைக்கின்றன. வண்டி கைக்கு வர இலையுதிர்காலம் ஆகிவிடும். எஞ்சின் எது, டிராக் எத்தனை அங்குலம், ஷாக் எந்த ரகம், நிறம் என்ன என்று வாங்குபவர் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கிறார். கூட வந்தவர் பனிச்சரிவில் புதைந்துபோனால் அவரைத் தேடித் தோண்டியெடுக்கத் தெரியுமா என்ற கேள்வி மட்டும் அந்தப் பேச்சில் பெரும்பாலும் எழுவதே இல்லை. அந்தக் கேள்விதான் முதலில் எழ வேண்டும்.

குல்மார்க்கிலும் சோலாங் பள்ளத்தாக்கிலும் சுற்றுலாப் பயணிகளை ஒரு சுற்று அழைத்துப்போகும் ‘ஸ்னோ ஸ்கூட்டரை’ தமிழகத்திலிருந்து போனவர்கள் பலர் பார்த்திருப்பார்கள். மலை ஸ்னோமொபைல் அதே குடும்பம்தான் என்றாலும் அதன் வேலை வேறு. இடுப்பளவு தூள்பனியில், பாதையே இல்லாத செங்குத்தான சரிவில், மரங்களுக்கு நடுவே ஒற்றை ஆள் ஏறிப்போவதற்கென்று செய்யப்பட்டது அது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரெவெல்ஸ்டோக் ஊரைச் சுற்றியுள்ள மலைகள் இந்த விளையாட்டுக்குப் பேர்போனவை. அங்குள்ள கோப்லாண்ட் மலையில் 1971-72 குளிர்காலத்தில் மொத்தம் 24 மீட்டருக்கு மேல் பனி பெய்தது. கனடாவில் ஒரே பருவத்தில் பதிவான அதிகபட்சப் பனிப்பொழிவு அது.

ஸ்னோமொபைலின் வரலாற்றில் ஒரு குழந்தையின் மரணம் இருக்கிறது. கியூபெக்கின் வால்கோர் ஊரைச் சேர்ந்த ஜோசஃப்-அர்மான் பொம்பார்டியேயின் இரண்டு வயது மகன் இவோன், 1934 குளிர்காலத்தில் வயிற்றுக்குள் தொற்று முற்றி இறந்தான். சாலைகளைப் பனி மூடியிருந்ததால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லை. தந்தை செய்துகொண்டிருந்த பனிவண்டியும் ஓடும் நிலையில் இல்லை. 1937-இல் பல்சக்கரமும் பட்டையும் இணைந்த தன் இயக்க முறைக்கு அவர் காப்புரிமை பெற்றார். ஏழு பேர் உட்காரும் பி-7 வண்டி அப்படித்தான் வந்தது. 1959-இல் சிறிய ஸ்கீ-டூ சந்தைக்கு வந்து, பனியில் ஓட்டுவதை ஒரு விளையாட்டாகவே மாற்றியது.

ஆனாலும் ஆழ்பனி மலைகள் பல பத்தாண்டுகள் எளிதில் வசப்படவில்லை. பழைய வண்டிகள் கனமானவை. தூள்பனியில் பத்து மீட்டர் போவதற்குள் தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டு நின்றுவிடும். மேலே போக வேண்டுமென்றால் பல குளிர்காலங்கள் விழுந்து எழுந்து பழகியாக வேண்டும். அந்த ஆண்டுகளில் ஓட்டும் திறமையோடு மலையைப் பற்றிய அறிவும் சேர்ந்தே வளர்ந்தது. எந்தச் சரிவு எப்போது இடியும், எந்தப் பள்ளத்தில் வண்டியை நிறுத்தக்கூடாது என்பதை மூத்தவர்களோடு போய்ப் போய்த்தான் ஒருவர் கற்றார். இன்றைய வண்டி அந்தப் பயிற்சிக் காலத்தைச் சுருக்கிவிட்டது. பின் சஸ்பென்ஷன் பக்கவாட்டிலும் சற்றே சாய்ந்துகொடுக்கும் அமைப்பை 2013 மாடலில் ஸ்கீ-டூ கொண்டுவந்தது. 2020 மாடலில் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குத் தொழிற்சாலையிலேயே டர்போ பொருத்தி விற்கத் தொடங்கியது. 2022 மாடலில் போட்டி நிறுவனமான பொலாரிஸும் அதே வழிக்கு வந்தது. முதல் குளிர்காலத்திலேயே ஒரு புதியவர் ஆபத்தான சரிவின் நடுவில் போய் நிற்க முடிகிறது. வண்டியைத் தேர்ந்தெடுப்பது வெறும் ரசனை சார்ந்த விஷயமாக இல்லாமல் போனதற்கு இதுவே காரணம்.

முதலில் வண்டிக்கு அடியில் சுழலும் பட்டையான டிராக்கைப் பார்ப்போம். மலை வண்டிகளில் டிராக்கின் முழுச் சுற்றளவு பெரும்பாலும் 146 முதல் 175 அங்குலம் வரை இருக்கும். 154-க்குப் பதில் 165 வாங்கினால் சுற்றளவு 11 அங்குலம் கூடுகிறது. பனியின்மேல் படியும் நீளம் அதில் பாதி, அதாவது ஐந்தரை அங்குலம்தான் கூடும். 16 அங்குல அகலத்தோடு பெருக்கினால் ஏறத்தாழ 88 சதுர அங்குலம் கூடுதலாக எடையைத் தாங்குகிறது. நூறு கிலோவைத் தொடும் ஆளுக்கும், அடிக்கடி மிக ஆழமான பனியில் போகிறவருக்கும் அது பயன் தரும். எடை குறைந்தவர், மரங்களுக்கு இடையே வளைந்து வளைந்து போக விரும்புபவர், இப்போதுதான் பழகுபவர் ஆகியோருக்கு 154 அல்லது 155 போதும். நீளம் கூடக்கூட வண்டி நேராகப் போகத் துடிக்கும். திருப்ப உடல்வலு கூடுதலாகத் தேவைப்படும்.

டிராக்கில் வரிசையாக நிற்கும் ரப்பர்ப் பேடில்களின் உயரம் அடுத்தது. மூன்று அங்குலப் பேடில் புதுத் தூள்பனியை நன்றாக வாரித் தள்ளும். வசந்தகாலத்தில் வெயிலில் உருகி இரவில் இறுகிய பனியில் அதே பேடில் வளைந்துகொடுத்துப் பிடியை இழக்கும். அங்கே இரண்டரை அங்குலமே மேல். உயரமான பேடிலைச் சுழற்ற எஞ்சினும் கூடுதல் வலுவைச் செலவிட வேண்டியிருக்கிறது. சிறிய எஞ்சினோடு மிக நீளமான, மிக உயரமான பேடில் கொண்ட டிராக்கைச் சேர்ப்பவர்கள் முதல் நாளிலேயே ஏமாற்றம் அடைகிறார்கள்.

எஞ்சின் விஷயத்தில்தான் காசு அதிகம் வீணாகிறது. கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் அடி ஏறினால் டர்போ இல்லாத எஞ்சின் தன் திறனில் ஏறத்தாழ 3 சதவீதத்தை இழக்கிறது. மேலே காற்று மெலிந்திருப்பதால் எரிக்க ஆக்சிஜன் குறைவு. 165 குதிரைத்திறன் கொண்ட 850 சிசி எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். ரெவெல்ஸ்டோக் மலைகளில் ஓட்டும் இடங்கள் பலவும் 2,000 மீட்டரை, அதாவது ஆறாயிரத்து ஐந்நூறு அடியை ஒட்டியவை. அங்கே அதன் கையில் மிஞ்சுவது சுமார் 133. கொலராடோவில் பத்தாயிரம் அடிக்கு மேல் ஓட்டுபவருக்கு 115-தான் மிஞ்சும். ஆகவே கொலராடோக்காரர் டர்போவுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஓட்டும் நடுத்தர அனுபவமுள்ளவருக்கு டர்போ இல்லாத 850 தாராளம். கற்றுக்கொள்பவருக்கு 600, 650 ரக எஞ்சின் இன்னும் நல்லது. விசையை அழுத்தியவுடன் சீறிப் பாயாத வண்டியில்தான் உடலைச் சாய்த்துத் திருப்பும் நுணுக்கம் கைவரும்.

சரியான வண்டி கிடைத்தால் மட்டும் போதாது. கடையிலிருந்து வரும் சஸ்பென்ஷன் சராசரி எடையை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. அதை உரிமையாளரின் எடைக்கு மாற்ற அரை மணி நேர வேலை போதும். பின் பம்பரைக் கையால் தூக்கி முழுதாக நீளவிட்டு, தரையிலிருந்து அதன் உயரத்தை டேப்பால் அளக்க வேண்டும். பிறகு பூட்ஸ், ஹெல்மெட், முதுகுப்பை என முழு உடையோடு மேலே ஏறி நின்று, இன்னொருவரை மறுபடி அளக்கச் சொல்ல வேண்டும். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம் கையேடு சொல்லும் வரம்புக்குள் வரும்வரை ஸ்பிரிங்கை இறுக்கவோ தளர்த்தவோ வேண்டும். பலர் சில மாதங்கள் ஓட்டிய பிறகும் இதைச் செய்யாமல், வண்டி மூக்கைத் தூக்குகிறது, திரும்ப மறுக்கிறது என்று நிறுவனத்தைக் குறை சொல்கிறார்கள்.

மூக்கு தூக்குவதற்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பின் சஸ்பென்ஷனின் முன்கையை வண்டியின் உடலோடு பிணைக்கும் நாடாதான் அது. அதைச் சுருக்கினால் ஸ்கீகள் மேல் எடை கூடும், ஏற்றத்தில் முன்பக்கம் எழும்புவது குறையும். நீட்டினால் எடை பின்னால் போய் ஸ்கீகள் இலேசாகும். ஒரு துளை மாற்றி, ஓட்டிப் பார்த்து, அடுத்ததை மாற்ற வேண்டும். இரண்டு மூன்றை ஒரே நேரத்தில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று பிரித்தறிய முடியாது.

ஸ்கீகளுக்கு இடையிலான அகலம் மலை வண்டியில் வேண்டுமென்றே குறைத்து வைக்கப்படுகிறது. 36 முதல் 38 அங்குலம் வரை என்றால் வண்டியை எளிதாக ஒரு பக்கம் சாய்த்து, மலைச்சரிவின் குறுக்கே ஒற்றை ஸ்கீயில் ஓட்ட முடியும். கிளட்ச் உயரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். கீழே வாங்கிய வண்டியை மேலே கொண்டுபோனால் திறன் குறைந்த எஞ்சின் தன் உச்சச் சுழற்சி வேகத்தை எட்டத் திணறும். முன்கிளட்சில் இருக்கும் எடைகளை இலேசானவையாக மாற்றினால் அந்த வேகம் திரும்பக் கிடைக்கும். புது எரிபொருள் ஊசி எஞ்சின்கள் கலவையைத் தாமே திருத்திக்கொள்கின்றன. பழைய கார்புரேட்டர் வண்டிகளில் உயரத்துக்கேற்ப ஜெட்டை மாற்றியாக வேண்டும். மாற்று பெல்ட் ஒன்று எப்போதும் வண்டியில் இருக்க வேண்டும். மலையின் மறுபக்கத்தில் பெல்ட் அறுந்தால் இழுத்துவர ஆள் கிடைப்பது அரிது.

டொரண்டோ வட்டாரத்தில் வாழும் தமிழர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை. ஒன்டாரியோவின் பாதைகள் பெரும்பாலும் இயந்திரத்தால் அழுத்திச் சமன்செய்யப்பட்டவை. அங்கே மலை வண்டி வாங்குவது பணத்தைக் கரைக்கும் வழி. குறுகிய ஸ்கீ அகலத்தால் திருப்பங்களில் வண்டி கவிழப் பார்க்கும். எஞ்சின் நீரைக் குளிர்விக்கும் தகடுகள் டிராக்குக்கு மேலேயே இருப்பதால், டிராக் வாரியடிக்கும் பனிதான் அவற்றைக் குளிர்விக்கிறது. கெட்டிப்பட்ட பாதையில் அந்தப் பனி எழும்பாமல் எஞ்சின் சூடாகி, டிராக் ஓடும் தண்டுகளின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் பட்டைகளும் உருகித் தேயும். பனியைக் கீறி எழுப்பும் கம்பிகளைப் பொருத்தினால் ஓரளவு சமாளிக்கலாம். ஆனால் அந்தப் பாதைகளுக்கென்றே செய்த வண்டி இருக்கும்போது இந்தப் பாடு தேவையில்லை.

இத்தனையும் சரியாக அமைந்த வண்டி, ஓட்டுபவரை நேராகப் பனிச்சரிவு நிகழும் இடத்துக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பனிப்பலகை பெயர்ந்து விழும் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை சாய்வில் இருப்பவை. மலை வண்டிக்காரர்கள் தேடிப்போகும் ஏற்றங்களும் அவையே. முடிந்தவரை மேலே ஏறி, எஞ்சின் திணறும் கணத்தில் திரும்பி இறங்குவது ஒரு பந்தயம் போல நடக்கும். ஒருவர் விட்ட தடத்துக்குச் சில மீட்டர் மேலே அடுத்தவர் தன் தடத்தைப் பதிக்கப் பார்ப்பார். ஆளோடு சேர்த்து 300 கிலோவைத் தொடும் எடை, சுழலும் டிராக்கோடு சரிவின் மேல்பகுதியில் ஏறுகிறது. அடியில் பல வாரங்களுக்கு முன் புதைந்த பலவீனமான படிக அடுக்கு ஒன்று இருந்தால் அதை உடைக்க இது போதும்.

2008 டிசம்பர் 28 அன்று பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃபெர்னி அருகே ஹார்வி கணவாய்க்கு 11 பேர் ஸ்னோமொபைலில் போயிருந்தார்கள். முதல் சரிவு பலரைப் புதைத்தது. மற்றவர்கள் ஓடிவந்து தோண்டிக்கொண்டிருந்தபோது இரண்டாவது சரிவு எல்லோர்மேலும் விழுந்தது. எட்டுப் பேர் இறந்தனர், மூவர் பிழைத்தனர். 2010 மார்ச் 13 அன்று ரெவெல்ஸ்டோக்கின் போல்டர் மலையில் சுமார் 200 பேர் கூடியிருந்த ஒரு நிகழ்ச்சியின்மேல் பனி இடிந்து இறங்கியது. இருவர் இறந்தனர், ஏறத்தாழ 30 பேர் காயமடைந்தனர். பனிச்சரிவு ஆபத்து பற்றி முன்கூட்டியே எச்சரிக்கை விடப்பட்டிருந்த வார இறுதி அது. 2016 ஜனவரி 29 அன்று மெக்பிரைட் ஊருக்கு அருகே ரென்ஷா பகுதியில் ஐந்து பேர் மாண்டனர். இந்த மூன்று இடங்களிலும் இன்னும் கொஞ்சம் குதிரைத்திறன் இருந்திருந்தால் இவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

உயிரைக் காப்பது கூட வந்தவர்களின் வேகம். சுவிட்சர்லாந்தின் நாற்பதாண்டுத் தரவுகளை வைத்து 2024-இல் வெளியான ஆய்வின்படி, முழுதும் புதைந்தவர்களைப் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் கடந்தால் மூன்றில் ஒருவர்கூடத் தேறுவது கடினம். ஹெலிகாப்டரில் மீட்புக் குழு வரும் நேரத்தில் முடிவு ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும்.

எனவே ஒவ்வொருவர் உடலிலும் மூன்று பொருள்கள் இருந்தாக வேண்டும். 457 கிலோஹெர்ட்ஸில் சைகை அனுப்பவும் தேடவும் செய்யும் பீக்கன் ஒன்று. பனிக்குள் குத்திப் பார்க்கும் மடக்குக் கம்பி மற்றொன்று. உலோகத் தகடு கொண்ட ஷவல் மூன்றாவது. கம்பியும் ஷவலும் முதுகுப்பையில் இருக்க வேண்டும். வண்டியின் பின்னால் கட்டிய பையில் வைத்தால், சரிவு வண்டியை அடித்துக்கொண்டுபோகும்போது தோண்டும் கருவியும் சேர்ந்து புதைந்துவிடும். செல்போன் பீக்கனிலிருந்து குறைந்தது 20 சென்டிமீட்டர் தள்ளியே இருக்க வேண்டும். தேடும்போது 50 சென்டிமீட்டர். மின்சூட்டுக் கையுறையும் சைகையைக் குழப்பலாம்.

வசதி இருந்தால் காற்றுப்பை முதுகுப்பையும் வாங்க வேண்டும். உழக்கில் பருப்பைக் குலுக்கினால் பெரிய மணிகள் மேலே வருவதுபோல, ஓடும் பனியில் பருமன் கூடிய உடல் மேற்பரப்பை நோக்கி வருகிறது. அந்தப் பை வேலை செய்வது இந்த விதியால்தான். வலது கட்டைவிரல் விசையை அழுத்திக்கொண்டிருக்கும் என்பதால் இழுக்கும் பிடி இடது கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும். வாங்கிய அன்றே வீட்டில் ஒருமுறை இழுத்துப் பழகியவருக்குத்தான் நெருக்கடியில் கை தானாகப் போகும்.

இவற்றின் விலையையும் வண்டியின் விலையையும் வாங்குபவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். புது டர்போ மலை வண்டி 20,000 கனடிய டாலரைத் தாண்டுகிறது. பீக்கன், கம்பி, ஷவல் மூன்றும் சேர்ந்து ஆயிரம் டாலருக்குள் அடங்கும். வகுப்பறையில் ஒரு நாள், மலையில் ஒரு நாள் என நடக்கும் தொடக்கநிலைப் பனிச்சரிவுப் பயிற்சிக்கும் சில நூறு டாலர்தான். டர்போவைத் தவிர்த்து மிச்சப்படும் பணத்தில் வீட்டில் உள்ள இன்னொருவருக்கும் சேர்த்தே இவை எல்லாவற்றையும் வாங்கிவிடலாம்.

விற்பனையாளர்களால் ஒன்று செய்ய முடியும். மலை வண்டியைப் பதிவுசெய்யும்போதே பீக்கன் தொகுப்பையும் இரண்டு நாள் பயிற்சியையும் விலையில் சேர்த்து எழுதட்டும். ஏற்கெனவே அவை இருப்பவர் வேண்டாம் என்று அடித்துவிடட்டும். கேட்டால் தருவோம் என்ற நிலை மாறி, வேண்டாம் என்று சொன்னால் நீக்குவோம் என்ற நிலை வந்தால் எடுப்பவர் எண்ணிக்கை கூடும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றில் இரண்டு நேர்மையானவை. மலை என்பது சுதந்திரம், அங்கே கட்டுப்பாடு எதற்கு என்பது ஒன்று. ஆனால் மலைமான்களான காரிபூக்களைக் காக்க ரெவெல்ஸ்டோக் உட்படப் பல இடங்களில் ஸ்னோமொபைல் தடைப்பகுதிகள் ஏற்கெனவே இருக்கின்றன. பெரும்பாலான ஓட்டுநர்கள் வரைபடத்தைப் பார்த்து அவற்றை மதிக்கிறார்கள். மானுக்காக ஏற்றுக்கொண்ட ஒழுங்கைக் கூட வரும் நண்பருக்காக ஏற்கத் தயங்க வேண்டியதில்லை. பயிற்சி பெற்றவர்கள் அந்தத் துணிச்சலில் இன்னும் மோசமான சரிவுக்குப் போய்விடுவார்கள் என்பது மற்றொன்று. அந்த அச்சம் பொய்யில்லை. பீக்கனைக் கையாள மட்டும் சொல்லிக்கொடுத்தால் அப்படி நடக்கலாம். நல்ல பயிற்சியின் பெரும்பகுதி எங்கே போகாமல் இருப்பது என்பதைப் பற்றியது. ‘அவலாஞ்ச் கனடா’ அமைப்பு குளிர்காலத்தில் வெளியிடும் அன்றாட முன்னறிவிப்பை வாசிப்பது, ஐந்து படி ஆபத்து அளவில் இன்று எந்தப் படி என்று பார்த்துச் சரிவைத் தேர்ந்தெடுப்பது, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் ஏறுவது, சிக்கிக்கொண்டவருக்கு உதவ இன்னொரு வண்டியை அதே சரிவில் ஏற்றாமல் இருப்பது, மற்றவர்கள் சரிவு வந்து சேராத இடத்தில் நிற்பது ஆகியவை அதில் அடக்கம்.

ஐந்தாறு ஆண்டு பழைய வண்டியைத் தனியாரிடம் வாங்குபவர்களை இந்த ஏற்பாடு எட்டாது. அவர்களுக்குக் கடைக்காரரே இல்லை. போல்டர், ஃபிரிஸ்பி மலைப்பாதைகளில் கட்டணம் வாங்கிப் பராமரிக்கும் ரெவெல்ஸ்டோக் ஸ்னோமொபைல் சங்கத்தைப் போன்ற அமைப்புகள்தான் அங்கே முன்வர வேண்டும். கட்டணம் வாங்கும் இடத்திலேயே ஒவ்வொருவரின் பீக்கனும் சைகை அனுப்புகிறதா என்று சோதித்துவிட்டு மேலே விடலாம். வார இறுதிகளில் அதே இடத்தில் ஒரு பீக்கனைப் பனிக்குள் புதைத்துவைத்து, விரும்புபவர்களைத் தேடி எடுக்கச் சொல்லலாம். பத்து நிமிடத்துக்குள் எடுக்க முடியாதவர் அன்று தட்டையான வெளியில் ஓட்டிவிட்டு, அடுத்த வாரம் மீண்டும் முயன்று பார்க்கட்டும்.